என்னைத் தேடி உள்ளே வராதே

அன்புள்ள மகளுக்கு,

நீ வேலைக்குப் போகவிருக்கும் நாட்டில், நீ தங்கப்போகும் ஊருக்கு வெகு தொலைவில் உள்ள இன்னொரு நகரத்தில் குண்டு வெடித்ததாக அன்று மத்தியானச் செய்தியில் சொன்னார்கள். நான் டிவியை அணைத்துவிட்டு, "நீ போகாண்டாம்" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்தாய். "ஆறு மாச வேலைம்மா. அவங்க துறைமுகத்துல புதுசா கிரேன் வைக்காங்க. அதுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்துட்டு வரப்போறேன். அங்க உள்ளவங்க எல்லாரும் வேலைக்குப் போகாம வீட்டுக்குள்ளயா கெடக்காங்க?" என்று கேட்டாய். நான் எழுந்துபோய், ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்த சீலா மீனை மறுபடியும் கழுவத் தொடங்கினேன். அதன்பிறகு நாம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் உன் அப்பாதான். மறுநாள் அடுக்களை வாசலில் வந்து நின்றார். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில், "ஏளா, போகாதன்னு சொல்லுதது லேசு. அவ நாளைக்குச் சென்னைக்குப் போனாலும் இதத்தான் சொல்லுவியா? நமக்கு நடந்தத முழுசா அவகிட்ட சொல்லு. கேட்டுட்டு அவளே முடிவு பண்ணட்டும்" என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நேரில் சொல்ல உட்கார்ந்தால் அழுதுவிடுவேன், நீயும் பாதியில் எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் தெருவில் மட்டுமே எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். கப்பலுக்குப் போகிறவர்கள், நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள். காயல்பட்டினம் பக்கம் கேட்கவே வேண்டாம். அவர்கள் பெட்டி கட்டும்போது ஊறுகாய் கசியாமல் எப்படிச் சுற்றுவது, கருப்பட்டியில் எறும்பு ஏறாமல் எப்படி வைப்பது என்றெல்லாம் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். போன இடத்தில் குண்டு வெடித்தால் என்ன செய்வது என்ற இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. பேசினால் நடந்துவிடும் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பேசாமல் போன எங்களுக்கே அது நடந்தது.

அந்த நாளில் உன் பங்கு உனக்குத் தெரியும். நீ அப்போது கல்லூரியில் முதல் வருடம், பாளையங்கோட்டை விடுதியில் இருந்தாய். அப்பாவின் கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது. மனைவியை வரவழைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி அனுமதித்ததால் நான் முதல்முறையாக விமானம் ஏறினேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கெட்ட நாளை வைத்து யாரும் ஒரு ஊரை நினைத்துக்கொள்ளக் கூடாது. அழகான ஊர். கடலை ஒட்டியே டிராம் ஓடும். மீன் சந்தையில் நம் ஊர் போலவே பெண்கள்தான் ஏலம் கேட்பார்கள், நம் ஊர் போலவே அவர்களை மீறி யாரும் பேச முடியாது. அப்பா வேலைக்குப் போனபிறகு நான் தனியாகவே சந்தைவரை நடந்துவிட்டு வருவேன். பயமே இல்லை. பயப்பட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்ப ரயில் நிலையம் போனோம். நம் ஊர் நிலையம் போல ஒரு நடைமேடையும் ஒரு டீக்கடையும் உள்ள இடமில்லை. பெரிய கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடிபோட்ட கடைகள், ஒரு திருவிழாக் கூட்டம். உனக்குப் பிடிக்கும் என்று பாதாம் போட்ட ஒரு மிட்டாயை நான் பார்த்து வைத்திருந்தேன். "நீ வாங்கிட்டிரு, நான் டிக்கெட் எடுத்துட்டு வாரேன்" என்று அப்பா போனார். எங்கே வந்து சேருவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கையில் போன் இருந்தது, ஆனால் அந்த நாட்டு சிம் அப்பாவின் போனில் மட்டும்தான். தங்கியிருந்த விடுதியின் பெயரும் அதில்தான், கப்பல் ஏஜென்டின் எண்ணும் அதில்தான். என் பாஸ்போர்ட்டும் அவருடைய பையில் இருந்தது. புருஷன் கூட இருக்கிறார் என்ற தைரியத்தில் நான் வெறுங்கையோடு நடந்திருக்கிறேன்.

மிட்டாயைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்மணிக்கு என் வயதிருக்கும். பாஷை தெரியாததால் இருவரும் சிரித்தே வியாபாரம் செய்தோம். அவள் மீதிச் சில்லறையை நீட்டியபோது கூடத்தின் அந்தக் கோடியில் வெடித்தது. சினிமாவில் கேட்கும் சத்தம் இல்லை. தரை ஒருமுறை தூக்கிப்போட்டது, நெஞ்சில் யாரோ பலகையால் அறைந்ததுபோல் இருந்தது. அதற்கடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. சில்லறைக்கு நீட்டிய கையை நீட்டியபடியே நின்றேன். ஏதோ சிலிண்டர் வெடித்திருக்கும் என்று ஒரு நினைப்பு. அப்புறம் சனம் ஓடத் தொடங்கியது. எல்லோரும் ஒரே திசையில் ஓடினார்கள், நாங்கள் உள்ளே வந்த அதே பெரிய வாசலைப் பார்த்து. எனக்கும் அந்த வாசல் மட்டும்தான் தெரியும். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன்.

அந்தப் பெண்மணி கல்லாவுக்கு மேலாக எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஏதோ கத்தினாள். நான் உதறினேன், அவள் விடவில்லை. கல்லாவை ஒட்டி வழியை அடைத்திருந்த பலகையைத் தூக்கி என்னை உள்ளே இழுத்து, அடுப்பும் சீனி மூட்டைகளும் இருந்த சின்ன அறை வழியாகப் பின்கதவைத் திறந்து வெளியே தள்ளினாள். கடைக்குச் சரக்கு இறக்குகிற சந்து அது. குப்பைத் தொட்டிகளும் ஒரு சைக்கிளும் கிடந்தன, ஆகாயம் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். இத்தனை பெரிய கூடத்தில் அப்படி எத்தனை பின்கதவுகள் இருந்திருக்கும்! ஒவ்வொரு கடைக்கும் ஒன்று. ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

வெளியே வந்ததும்தான் உன் அப்பா ஞாபகம் வந்தது. "எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு திரும்பவும் கதவுக்குப் போனேன். அந்தப் பெண்மணி குறுக்கே நின்றாள். நான் அவளை அடித்தேன். ஆமாம் மகளே, என்னைக் காப்பாற்றியவளின் தோளிலும் முகத்திலும் அடித்தேன். அவள் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் இரண்டாவது வெடித்தது. பெரிய வாசல் பக்கம், சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடத்தில். சந்தில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

பிறகு அவள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பக்கத்துத் தெருதான். கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள், என் நெற்றியில் கண்ணாடித்தூள் ஒட்டியிருந்ததைப் பஞ்சால் துடைத்தாள். அவள் மகனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. விடுதி எது என்று கேட்டான், தெரியவில்லை. கப்பல் பெயர் சொன்னேன், ஏஜென்ட் யார் என்றான், தெரியவில்லை. நம் தூதரகம் அந்த ஊரில் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. உப்புக் கம்பெனி அலுவலகத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவள், எத்தனையோ பேருக்கு வழி சொன்னவள், அன்று என் கணவரின் பெயரையும் என் மகளின் போன் எண்ணையும் தவிர வேறெதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் உனக்கு அழைத்தான். நீ எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான், நீ துண்டித்தாய். வெளிநாட்டு எண்ணிலிருந்து வந்தால் மோசடியாக இருக்கும், எடுக்காதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதற்காக நீ பிறகு எவ்வளவு அழுதாய்! அதில் உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அதன்பிறகு லைனே கிடைக்கவில்லை, ஊர் முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அவன், "மெசேஜ் போகும், எழுதுங்கள்" என்றான். 'அம்மா நலம். அப்பாவைத் தேடுகிறோம்' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். அது உனக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தது யார் என்று உனக்குத் தெரியும். அது எப்படி நடந்தது என்று தெரியாது. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்த நஸீர், காயல்பட்டினத்துக்காரன், நாங்கள் நிலையத்துக்குத்தான் போயிருக்கிறோம் என்று தெரிந்ததும் கையில் கிடைத்த பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். பயமும் கோபமும் உச்சத்தில் இருந்த போலீஸ்காரர்களுக்கு முன்னால், தாடி வைத்த ஒரு வெளிநாட்டு இளைஞன், முதுகில் பையோடு, நிலையத்தைப் பார்த்து ஓடி வருகிறான். நினைத்துப் பார். துப்பாக்கிகள் அவன் பக்கம் திரும்பின. "அவ்வளவுதான்னு நெனச்சேன் அக்கா. அப்படியே நின்னுட்டேன். பைய மெதுவா எறக்கி வச்சேன், கைய ரெண்டையும் விரிச்சு மேல தூக்குனேன். பாக்கெட்டுல கப்பல்காரங்க அடையாளப் புஸ்தகம் இருக்குன்னு காட்டணும்னு கை துடிக்கி. எடுக்கல. எடுத்திருந்தா சுட்டிருப்பான்" என்று என்னிடம் சொன்னான். அவர்களாக வந்து, அவர்களாக அவன் பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்து, விசாரித்து விட்டபோது இருட்டத் தொடங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நேரே கப்பலுக்குத் திரும்பியிருப்பார்கள். அவன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினான். அப்பாவைக் கண்டான். அதற்குள் மெசேஜ் வந்த அந்தப் பையனின் எண் உன்னிடமிருந்து கப்பல் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து நஸீருக்கு வந்திருந்தது. அவனே வந்து என்னையும் கூட்டிப்போனான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் தலையிலும் வலது காதிலும் கட்டு, தொடையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார், தன் குரல் தனக்கே கேட்காது என்று அவருக்கு அப்போது தெரியாது. "ஏளா, நீ எங்க நின்ன? உன்னத் தேடித்தான நான் உள்ள வந்தேன்!"

மகளே, முதல் குண்டு வெடித்தபோது உன் அப்பா கூடத்தில் இல்லவே இல்லை. டிக்கெட் எடுத்துவிட்டு, ரயில் வந்துவிட்டதா பார்க்க நடைமேடைக்குப் போயிருந்தார். திறந்த வெளி. நாலு அடி வைத்து ரோட்டுக்குப் போயிருந்தால் கீறல்கூட இருந்திருக்காது. நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்து ஓடிவந்தார். மிட்டாய்க் கடையில் நான் இல்லை. சனம் வாசலுக்குப் போவதைப் பார்த்து, நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பேன் என்று அங்கே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது வெடித்தது. நான் சந்தில் நின்று அவருக்காக உள்ளே போகத் துடித்த அதே நேரம், அவர் எனக்காக உள்ளே நின்றிருக்கிறார். யாரோ ஒரு வழிப்போக்கர் தன் பெல்ட்டைக் கழற்றி அவர் தொடையில் இறுக்கிக் கட்டியிருக்கிறார். அது இல்லையென்றால் ரத்தம் போயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த மனிதர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அப்பாவின் காது எப்படிப் போனது, கால் ஏன் இழுக்கிறது, கப்பலை விட்டுவிட்டு இங்கே துறைமுகப் பட்டறையில் ஏன் சேர்ந்தார் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் வெளியே இருந்தார், திரும்பி உள்ளே வந்தார் என்பதை நாங்கள் உனக்குச் சொன்னதில்லை. சொன்னால் என்னைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். அவரைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நான் நினைத்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது, அதில் யார் குற்றமும் இல்லை, பாசம்தான் இருந்தது. அந்தப் பாசத்துக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை.

அதனால் உனக்குச் சொல்லிவைக்கிறேன். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், ஓட்டலோ, தியேட்டரோ, கோயிலோ, உட்காருவதற்கு முன்னால் நீ வந்த வாசலைத் தவிர இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள். பார்த்துவிட்டு அதை மறந்து நிம்மதியாகச் சாப்பிடு. யாருடனாவது போனால், பிரிவதற்கு முன்னால், 'ஏதாவது ஆனால் இங்கே சந்திப்போம்' என்று கூட்டத்துக்கு வெளியே, தள்ளி ஒரு இடத்தைப் பேசிக்கொள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு சத்தம் கேட்டால், அது என்ன என்று பார்க்கப் போகாதே, போனை எடுத்துப் படம் பிடிக்காதே, விலகிப் போ. ஒன்று வெடித்த இடத்தில் இன்னொன்று வெடிக்கலாம், கூட்டம் எங்கே சேருகிறதோ அங்கேயே வெடிக்கலாம். துப்பாக்கிச் சத்தமாக இருந்து, ஓட வழியில்லை என்றால் ஒரு அறைக்குள் போய்க் கதவை அடைத்து, கையில் கிடைத்ததையெல்லாம் முட்டுக்கொடுத்து, விளக்கை அணைத்து, போனை அதிரவும் செய்யாதபடி ஊமையாக்கிவிட்டு இரு. அந்த நேரத்தில் நானே அழைத்து உன்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். போலீஸ் வந்தால் நஸீர் நின்றதுபோல் நில். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது, அவர்கள் சொல்வதை மட்டும் செய், விளக்கமெல்லாம் பிறகு.

கிளம்புவதற்கு முன்னால் செய்யவேண்டியவை உன் வேலை போலத்தான், சலிப்பானவை. நம் தூதரகத்தின் இணையதளத்தில் உன் பெயரையும் முகவரியையும் பதிந்துவிடு. அந்த நாட்டில் எந்தப் பகுதிக்குப் போகலாம், எங்கே போகக் கூடாது என்று அவர்கள் அவ்வப்போது சொல்வதைப் படி, வாட்ஸ்அப்பில் வருவதைப் படிக்காதே. அந்த ஊரில் அவசரத்துக்கு அழைக்கும் எண் என்ன என்று முதல் நாளே கேட்டுக்கொள். நீ தங்கும் இடத்தின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதச் சொல்லி வாங்கி, எங்கள் எண்ணோடு பையில் அல்ல, உன் உடம்பிலேயே வைத்துக்கொள். போன் உடைந்துபோகும், சார்ஜ் தீரும், தொலையும். உன் காப்பீட்டில் இந்த மாதிரி சம்பவம் சேருமா என்று கம்பெனியில் கேள். பல காப்பீடுகளில் இதை விட்டுவிடுகிறார்களாம், உன் அப்பாவின் சிகிச்சையின்போது எங்களுக்குத் தெரியவந்தது. ஒரு இடத்தில் இருக்கும்போதே அங்கிருந்து இணையத்தில் படம் போடாதே, அந்த இடத்தைவிட்டு வந்தபிறகு போடு. இன்னொன்று, ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டு போ. இங்கே நீ வேலை பார்க்கும் துறைமுகத்திலேயே முதலுதவி வகுப்பு நடக்கிறது. உன் அப்பாவுக்குப் பெல்ட் கட்டிய அந்த மனிதருக்கு நாம் நன்றி சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எச்சரிக்கையாக இரு என்று நான் சொல்வதை ஆட்களைப் பார்த்து ஒதுங்கு என்று எடுத்துக்கொள்ளாதே. நாங்கள் ஊர் திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆளுக செஞ்சது?" என்பதுதான். ஒருநாள் அப்படிக் கேட்ட ஒருவர் பக்கத்தில் நஸீரே உட்கார்ந்திருந்தான், அப்பாவைப் பார்க்க மஸ்கோத் அல்வாவோடு வந்திருந்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவுக்குக் கேள்வி காதில் விழவில்லை. நான்தான் சொன்னேன், "செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எங்களக் காப்பாத்துனவங்கள்ல ஒரு ஆளு இந்தா உங்க பக்கத்துல இருக்கு." ஆளைப் பார்க்காதே மகளே, நடப்பதைப் பார். கேட்பாரில்லாமல் கிடக்கும் பை, போகக் கூடாத இடத்துக்குள் போக முயல்கிறவர், இடத்துக்குப் பொருந்தாத ஏதோ ஒன்று. அதைக் கண்டால் தொடாமல் விலகி, காவலுக்கு இருப்பவரிடம் சொல். தப்பாக இருந்தால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். மற்றபடி அங்கே போய் மிட்டாய் விற்கிற பெண்களோடு பழகு. பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரைத் தெரிந்துகொள். நம்மை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு நான் போகவில்லை. தேர் நம் தெரு முனையைத் தாண்டும்போது வேட்டுச் சத்தம் கேட்டு அப்பா கட்டிலுக்குக் கீழே போய்விட்டார், நான் அவரைப் பார்த்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். விடுமுறைக்கு வந்திருந்த நீ எங்களைப் பார்த்துக் கதவடியில் நின்றாய். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று நீதான் சொன்னாய். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட எதுக்கு?" என்றேன். நீ பிடிவாதமாகக் கூட்டிப்போனாய். நல்லவேளை. இன்று உன் அப்பா தேருக்கு வடம் பிடிக்கும் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து போகிறார். உனக்கு ஏதாவது நேர்ந்து, அடி படாமல் தப்பினாலும், தூக்கம் வராமல் போனால் வெட்கப்படாமல் யாரிடமாவது சொல்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். நீ தினமும் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் போய் வருகிறாய். நான் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. ஹெல்மெட் போட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறேன். உண்மையில் பார்த்தால் அந்த லாரிகளுக்குத்தான் நான் அதிகம் பயப்பட வேண்டும். ஆனால் லாரிக்கு யார்மேலும் வெறுப்பு இல்லை. முகம் தெரியாத ஒருவன் தனக்கு முகமே தெரியாத என் பிள்ளையைக் கொல்ல நினைக்கிறான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தாங்க முடியாமையைத்தான் உன்மேல் 'போகாதே' என்று போட்டேன். அது ஹெல்மெட் போல உன்னைக் காக்காது, உன்னைக் கட்டிப்போடத்தான் செய்யும்.

நேற்று ஸ்வெட்டர் வாங்கத் திருநெல்வேலி ஜவுளிக்கடைக்குப் போனோம் அல்லவா. மூன்றாவது மாடியில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், உன் அப்பா திடீரென்று உன்னைப் பார்த்து, "ஏளா, இங்கன இருந்து வெளிய போக எத்தன வழி இருக்கு, சொல்லு பாப்பம்!" என்று கத்தினார். துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பையன் பயந்துபோய், "அண்ணாச்சி, லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு" என்றான். நீ ஸ்வெட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "லிஃப்ட்ல போகக் கூடாதுப்பா. நாம ஏறுன படி ஒண்ணு. தையக்காரங்க இருக்க ரூமுக்குப் பின்னால இரும்புப் படி ஒண்ணு, அது பின்தெருவுல எறங்குது. எதுத்தாப்புல இருக்க மருந்துக்கடை வாசல்ல சந்திப்போம்" என்றாய். எப்போது பார்த்தாய், இதையெல்லாம் அப்பா உனக்கு எப்போது பழக்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா காதில் விழாமல், "என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார். "சரியாத்தான் சொல்லுதா" என்றேன். நீ போகலாம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ்ஸில் நீ ஒரு கேள்வி கேட்டுவிட்டாய். நீ போனால் மூன்றாவது மாதம் நாங்கள் உன்னைப் பார்க்க அங்கே வரலாம் என்று நீயும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தீர்கள். "எல்லாம் சரிம்மா. நீங்க வந்திருக்கும்போது ஏதாவது ஆயி, நான் வெளிய வந்துட்டேன், நீங்க வரலன்னா? அப்பவும் மருந்துக்கடை வாசல்லயே நிக்கணுமா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதில் இதுதான். ஆமாம், நிற்க வேண்டும். என்னைத் தேடி உள்ளே வராதே. நான் வேறு ஏதோ ஒரு கதவு வழியாக ஏற்கெனவே வெளியே வந்து, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று நம்பு. வராமலே போனாலும் நீ நின்றது சரி என்று இப்போதே, நல்ல நினைவோடு, உனக்கு எழுதித் தருகிறேன். அப்பாவும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். இதே வாக்கை நாங்களும் உனக்குத் தருவதுதான் முறை. நீ உள்ளே இருந்தால் நாங்கள் வெளியே நிற்போம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன் மகளே. அந்த வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

அன்புடன்,
அம்மா